உங்களுக்குத் தெரியுமா? பெயர் பழையது, ஃபவுண்டேஷன் புதியது!

வருஷக்கணக்கில் வாங்கும் அதே ஃபவுண்டேஷன், அதே ஷேட். ஆனால் புது பாட்டிலைத் திறந்து பூசினால் ஏதோ சரியில்லை. தேய்த்து முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது, மூக்கோரம் பிரிகிறது, நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. உங்கள் கை மேல் தவறில்லை. உள்ளே இருக்கும் ஃபார்முலாவை நிறுவனம் மாற்றியிருக்கலாம். ஏன் மாற்றுகிறார்கள், மாற்றினால் முகத்தில் என்ன நடக்கும், பழையதா புதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாள் முழுக்க நிற்கும் ஃபவுண்டேஷன் பற்றிய துளிகள் இதோ.

சினிமாவுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று

போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மேக்ஸ் ஃபேக்டர், 1914இல் சினிமாவுக்கென்று இளகிய மேக்கப் ஒன்றைத் தயாரித்தார். நாடக மேடையில் பூசிய கெட்டிப் பூச்சு குளோசப்பில் வெடித்து வெடித்துத் தெரிந்ததுதான் காரணம். அடுத்து டெக்னிகலர் வந்தது. பழைய பூச்சின் எண்ணெய்ப் பளபளப்பு கலர் படத்துக்கு ஒத்துவரவில்லை. அதற்காக அவரது நிறுவனம் உருவாக்கிய ‘பேன்கேக்’, 1937இல் வெளியான ‘வோக்ஸ் ஆஃப் 1938’ படத்தில் பயன்பட்டது. ஈர ஸ்பாஞ்சில் தொட்டுப் பூசும் வில்லை அது. நடிகைகளுக்கு அது பிடித்துப்போய் வீட்டுக்கும் எடுத்துச் சென்றார்கள். ஆனால் ஸ்டூடியோ விளக்குக்காகச் செய்த ஷேடுகள் வெளியில் மிகவும் கருத்துத் தெரிந்தன. அதனால் பொதுமக்களுக்கென்று வெளிர் ஷேடுகளைத் தனியாகத் தயாரித்தார்கள். கடைக்கு வந்ததே திருத்திய பதிப்புதான்!

ஜெமினி ஸ்டூடியோவும் பேன்கேக்கும்

சென்னை ஜெமினி ஸ்டூடியோவும் இதே பேன்கேக்கைப் பெருமளவில் வாங்கியது. அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ என்ற ஆங்கில நூலில் அந்த மேக்கப் அறையை விவரித்திருக்கிறார். கொளுத்தும் விளக்குகளின் நடுவே அதைப் பூசிக்கொண்ட முகங்கள், நேரில் பார்க்க எவ்வளவு விகாரமாக இருந்தன என்பதும் அதில் உண்டு. என்.சி.இ.ஆர்.டி.யின் பிளஸ் டூ ஆங்கிலப் பாடநூலிலும் அந்தப் பகுதி பாடமாக இருக்கிறது. கேமராவுக்காகச் செய்த ஃபார்முலா கண்ணுக்குப் பொருந்தாது என்பதற்கு நம் ஊர் சாட்சி அது.

90களில் வந்த திருப்பம்

முன்பெல்லாம் மேக்கப் போட்டால் கைப்பையில் பவுடர் டப்பா கட்டாயம். மத்தியானத்துக்குள் இரண்டு தடவையாவது ஒற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். 1994இல் ரெவ்லான் ‘கலர்ஸ்டே’ லிப்ஸ்டிக்கைக் கொண்டுவந்தது. கப்பில் ஒட்டாத உதட்டுச் சாயம் என்பது அப்போது பெரிய செய்தி. அதே பெயரில் ஃபவுண்டேஷனும் வந்தது. 1997இல் எஸ்தே லாடர் ‘டபுள் வேர்’ ஃபவுண்டேஷனை அறிமுகப்படுத்தியது. இன்றும் நீடித்து நிற்கும் எந்த ஃபவுண்டேஷனையும் இந்த இரண்டோடுதான் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள்.

நிற்க வைப்பது ஒரு பிசின்

நீடித்து நிற்கும் ஃபவுண்டேஷனுக்குள் மூன்று முக்கியப் பொருள்கள் உண்டு. ஒன்று, பூசியதும் ஆவியாகிவிடும் கரைப்பான். இரண்டு, அது போனபின் தோல்மேல் மெல்லிய படலமாகத் தங்கும் பிசின். மூன்று, அந்தப் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும் நிறமிகள். பல ஃபவுண்டேஷன்களில் அந்தப் பிசினின் பெயர் டிரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட். நெடுங்காலம் விற்பனையில் இருந்த டபுள் வேர் லேபிளில் முதலில் தண்ணீர், அடுத்து சைக்ளோபென்டாசிலாக்ஸேன் என்ற கரைப்பான், அதற்கடுத்த இடத்தில் இந்தப் பிசின். அந்த ஃபவுண்டேஷன் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதற்கு அந்த மூன்று பெயர்களே பதில். புது பாட்டிலில் இந்த வரிசை மாறியிருந்தால், நீங்கள் வாங்கியிருப்பது வேறு ஃபவுண்டேஷன்.

ஐரோப்பியச் சட்டம் உங்கள் டிரஸ்ஸிங் டேபிள் வரை வரும்

மேலே சொன்ன சைக்ளோபென்டாசிலாக்ஸேனுக்கு ‘டி5’ என்று சுருக்கப் பெயர். பட்டுபோல் வழுக்கும், பிசுக்கு இருக்காது, மெதுவாக ஆவியாகும். ஆனால் சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாது, உயிரினங்களின் உடலில் சேரும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கடிவாளம் போட்டது. கழுவிவிடும் சோப்பு, ஷாம்பு வகைகளில் 2020 ஜனவரி 31 முதல் 0.1 சதவீதத்துக்குக் குறைவாகத்தான் இருக்கலாம். 2024இல் வந்த அடுத்த உத்தரவின்படி, ஃபவுண்டேஷன் போலத் தோலிலேயே விட்டுவிடும் பொருள்களுக்கும் 2027 ஜூன் முதல் அதே வரம்பு. உலகம் முழுக்க ஒரே ஃபார்முலாவை விற்க விரும்பும் நிறுவனம் என்ன செய்யும்? எல்லா ஊருக்கும் சேர்த்தே மாற்றும். பாண்டி பஜாரில் நீங்கள் வாங்கும் பாட்டிலுக்கும் அந்தச் சட்டம் இப்படித்தான் வந்து சேர்கிறது.

‘சட்டென்று காய்கிறதே’ என்பதன் காரணம்

டி5ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐசோடோடெகேன் என்ற கரைப்பானைச் சேர்க்கும் ஃபார்முலாக்கள் உண்டு. இது டி5ஐவிட வேகமாக ஆவியாகும். வித்தியாசத்தைப் புறங்கையிலேயே பார்க்கலாம். பழையதில் ஒரு சொட்டு, புதியதில் ஒரு சொட்டு பக்கத்துப் பக்கத்தில் வைத்து விரலால் இழுங்கள். டி5 உள்ளது கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஓரங்கள் தோலோடு கரையும். ஐசோடோடெகேன் அதிகமுள்ளது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு தேய்த்தால் கலையாது, உருண்டு வரும். பழையபடி முகம் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டு நிதானமாகக் கலைத்தால் நெற்றியை முடிப்பதற்குள் கன்னம் காய்ந்திருக்கும். தீர்வு எளிது: ஒரு கன்னம், அதை முடித்தபின் அடுத்த கன்னம் என்று பகுதி பகுதியாகப் பூசுங்கள். புதியதைக் குறை சொல்வதற்கு முன் பூசும் முறையை மாற்றிப் பார்ப்பது நியாயம்.

சிரித்தால் தெரியும் வித்தியாசம்

பிசின் படலம் கெட்டியாக இருந்தால் எண்ணெயைத் தாங்கும், ஆனால் வளையாது. பேசும்போதும் சிரிக்கும்போதும் வாயோரக் கோடுகளில் அது பிளக்கும். இளகிய பிசின்களையும் எண்ணெய்களையும் சேர்த்தால் வளைந்து கொடுக்கும், ஆனால் எண்ணெய்ச் சருமத்தில் சீக்கிரம் நகரும். நீடிப்பு, நெகிழ்வு இரண்டில் ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். ‘இன்னும் இலகுவானது, இன்னும் வசதியானது’ என்று புதிய பதிப்பை விளம்பரப்படுத்தினால், நீடிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். வறண்ட சருமக்காரர்களுக்கு அது வரம், எண்ணெய் வழியும் சருமத்துக்கு இழப்பு. ஒரே மாற்றத்தை ஒருவர் புகழ்வதும் ஒருவர் திட்டுவதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை.

கலர்ஸ்டேவின் மாற்றங்கள்

பெயரை மாற்றாமல் உள்ளே மாறிக்கொண்டே வந்ததற்கு நல்ல உதாரணம் ரெவ்லான் கலர்ஸ்டே. ‘சாஃப்ட்ஃப்ளெக்ஸ்’ என்ற வாசகத்தோடு விற்ற பதிப்பில், எண்ணெய்ச் சருமத்துக்கான வகையில் எஸ்.பி.எஃப். 6 இருந்தது. பிறகு வந்த பதிப்பில் அது 15 ஆனது. பழைய பாட்டிலில் பம்ப் கிடையாது. அகன்ற வாயைக் கையில் கவிழ்த்தால் தேவைக்கு இரண்டு மடங்கு கொட்டும். பம்ப் வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. டபுள் வேர் பாட்டிலோ நெடுங்காலம் பம்ப் இல்லாமலே வந்தது, வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பம்ப் சின்ன விஷயமில்லை. அளவு மாறினால் பூச்சின் கனம் மாறும், கனம் மாறினால் நீடிப்பும் மாறும்.

எஸ்.பி.எஃப். எண்ணை நம்பி வெயிலில் போகாதீர்கள்

எஸ்.பி.எஃப். சோதனையில் தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுவார்கள். அவ்வளவு ஃபவுண்டேஷனை யாரும் முகத்தில் போடுவதில்லை. ஆகவே பாட்டிலில் உள்ள பாதுகாப்பு உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது. புதிய பதிப்பில் எஸ்.பி.எஃப். குறைந்தாலோ காணாமல் போனாலோ பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சன்ஸ்கிரீனை முதலில் தனியாகப் பூசி, அது படிந்தபின் ஃபவுண்டேஷன் போடுங்கள்.

போட்டோவில் முகம் மட்டும் வெள்ளை

ரிசப்ஷன் போட்டோக்களில் கழுத்து ஒரு நிறம், முகம் வெளுத்து ஒரு நிறம் என்று பார்த்திருப்பீர்கள். டைட்டானியம் டை ஆக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு, சிலிக்கா போன்ற வெண்துகள்கள் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. புதிய பதிப்பில் இவை கூடியிருந்தால், பழையதில் வராத வெளுப்பு புதியதில் வரலாம். கல்யாணத்துக்கு முன் இருட்டறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

24, 30, 32... ஏறும் மணிக்கணக்கு

மேபெலின் சூப்பர்ஸ்டே 24 மணி நேரத்திலிருந்து 30க்குப் போனது. லோரியல் இன்ஃபாலிபிள் ஃப்ரெஷ் வேர் 24இலிருந்து 32க்குப் போனது. ஒரு மனிதருக்கு 32 மணி நேரம் ஃபவுண்டேஷனோடு இருக்கத் தேவையே இல்லை, இருக்கவும் கூடாது. இவை ‘இத்தனை மணி நேரம் வரை’ என்ற உச்ச அளவுகள். உங்கள் சருமம், உங்கள் ஊர் வெயில், உங்கள் பஸ் பயணம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. காலை எட்டு மணிக்குப் போட்டது மாலை ஆறு மணிக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய பரிசோதனை.

நான்கு நிறமிகளில் அத்தனை ஷேடும்

சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகளும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்ஸைடும்தான் பெரும்பாலான ஃபவுண்டேஷன்களின் நிறத்துக்கு அடிப்படை. லேபிளில் சி.ஐ. 77491, 77492, 77499, 77891 என்று எண்களாக இருக்கும். இந்த நான்கின் விகிதம்தான் ஷேடை முடிவு செய்கிறது. ஆனால் அதே நிறமிகள் வேறு கரைப்பானில் வேறு நிறமாகத் தெரியும். எனவே அடிப்படை மாறினால் ஒவ்வொரு ஷேடையும் மறுபடி கலந்து சரிபார்க்க வேண்டும். ஃபென்ட்டி ப்யூட்டி 2017 செப்டம்பரில் 40 ஷேடுகளோடு இறங்கி, பிறகு 50 ஆக்கியது. அத்தனையையும் ஒன்றுவிடாமல் பொருத்துவது பெரிய வேலை. அதில் அவசரப்பட்டால் முதலில் அடி வாங்குவது மாநிறமும் கருநிறமும்தான். கறுப்பும் சிவப்பும் இம்மி பிசகினாலும் முகம் சாம்பல் பூத்துப்போகும், அல்லது செம்மண் நிறமாகும். நமக்குப் பொருந்தும் ஷேடு கிடைப்பதே அரிது. கிடைத்ததையும் சத்தமில்லாமல் மாற்றுவது அநியாயம்.

பூசியபின் கருக்கிறதே, ஏன்?

ஃபவுண்டேஷனில் உள்ள இரும்பு ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு சேர்ந்த இரும்பு. காற்று பட்டு அது புதிதாக மாறுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. கரைப்பான் ஆவியானதும் நிறமிகள் நெருங்கிப் படிகின்றன. பிறகு முகத்து எண்ணெய் அந்தத் துகள்களை நனைக்கிறது. நனைந்த மண் காய்ந்த மண்ணைவிடக் கருத்துத் தெரிகிறதே, அதே இயற்பியல்தான். நிறமிகள் எண்ணெயில் ஊறாதபடி மேலே பூச்சு கொடுத்திருந்தால் கருப்பது குறையும். கடையில் டெஸ்டரைத் தாடையில் பூசிய உடனே முடிவு செய்யாமல், கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்து வெளிச்சத்தில் பாருங்கள்.

தண்ணீர் ஒட்டாமை தந்த சிக்கல்

அமெரிக்கா, கனடாவில் விற்ற 231 அழகுசாதனங்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. நோட்ர டாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் முன்னின்று நடத்தியது. ஃபவுண்டேஷன், கண் ஒப்பனைப் பொருள்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஃப்ளோரின் அளவு அதிகமாக இருந்தது. நீர், எண்ணெய் இரண்டும் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்களின் அறிகுறி அது. இவை எளிதில் சிதையாதவை. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதலும் பிரான்ஸ் 2026 ஜனவரி முதலும் அழகுசாதனங்களில் இவற்றைத் தடை செய்திருக்கின்றன. இவற்றை நீக்கும் மாற்றத்தால் நீடிப்பு ஒரு மணி நேரம் குறைந்தாலும் அதை நான் வரவேற்பேன். பழையது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது.

டால்க்கும் கேள்விக்குள்ளானது

2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டால்க்கை ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. ஃபார்முலாவிலிருந்து டால்க்கை எடுத்தால் அந்த இடத்தில் சிலிக்கா, மைக்கா, மாவுச்சத்து போன்றவை வரும். அவை எண்ணெயை உறிஞ்சும் விதம் வேறு. எனவே புதிய பதிப்பு கூடுதலாக மேட் ஆகத் தெரியலாம், அல்லது பவுடர் போட்டபின் வறண்டு தெரியலாம்.

லேபிளை எப்படிப் படிப்பது?

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும். அதற்குக் குறைவானவை எந்த வரிசையிலும் வரலாம். அதனால் பட்டியலின் முதல் ஆறேழு பெயர்கள்தான் முக்கியம். பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கடையில் புது பெட்டியோடு ஒப்பிட அரை நிமிஷம் போதும். முதல் ஆறில் ஒரு பெயர் மாறியிருந்தாலும் முழு பாட்டில் வாங்காமல் டெஸ்டரையோ சின்ன சாம்பிளையோ கேளுங்கள். அலர்ஜி உள்ளவர்கள் பட்டியலின் கடைசி வரை படிக்க வேண்டும். வாசனைப் பொருளும் கெடாமல் காக்கும் பொருளும் அங்கேதான் இருக்கும்.

பாதி முகம் பழையது, பாதி முகம் புதியது

நேர்மையான ஒப்பீட்டுக்கு உங்கள் முகத்தைவிட நல்ல ஆய்வகம் இல்லை. ஒரே பிரைமர், ஒரே ஸ்பாஞ்ச், ஒரே அளவு. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. பத்து நிமிஷம் கழித்து ஜன்னலோரம் நின்று, கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தபடி ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். தாள் இருந்தால்தான் பிற்பாடு படங்களை ஒப்பிடும்போது வெளிச்சம் ஏமாற்றாது. டிஷ்யூவை இரண்டு கன்னத்திலும் ஒரே அழுத்தத்தில் ஒற்றி, எதில் அதிகம் ஒட்டுகிறது என்று பாருங்கள். நாலு மணி நேரம் கழித்து ஒரு படம், எட்டு மணி நேரம் கழித்து ஒரு படம். மூக்கோரம், மேலுதடு, தாடை, மூக்குக் கண்ணாடி உட்காரும் இடம் ஆகிய நான்கையும் உற்றுப் பாருங்கள், முதலில் விட்டுக்கொடுப்பது அவைதான். மறுநாள் பக்கத்தை மாற்றிப் பூசுங்கள். நீங்கள் எப்போதும் ஒரே காதில் போன் பேசுகிறவராக இருந்தால், அந்தப் பக்கக் கன்னம் தினமும் கூடுதலாகத் தேய்ந்துகொண்டிருக்கும்.

வியர்வை உள்ளிருந்து வருகிறது

மழைத் துளியைத் தடுக்கும் படலம் வியர்வையிடம் தோற்பது ஏன்? மழை மேலிருந்து விழுகிறது, வியர்வையோ படலத்துக்கு அடியிலிருந்து தள்ளுகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் வியர்வை காயாது. ஃபவுண்டேஷனிலுள்ள தண்ணீரும் மெதுவாகத்தான் காயும். அதிகாலை முகூர்த்தத்துக்கு மேக்கப் போடும்போது ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, மெல்லிய அடுக்காகப் பூசி, நன்றாகப் படிந்தபின் அடுத்த அடுக்கு போடுவது எந்தப் பதிப்புக்கும் நல்லது.

பதுக்கி வைக்கலாமா?

பிடித்த ஃபார்முலா நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் நாலைந்து பாட்டில் வாங்கி அடுக்குகிறவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறும், எண்ணெயும் நீரும் பிரியும், கெடாமல் காக்கும் பொருளின் வலு குறையும். லேபிளில் திறந்த டப்பா படத்துக்குள் உள்ள ‘12’ அல்லது ‘24’, திறந்தபின் எத்தனை மாதம் என்பதைச் சொல்லும். வாடையோ பதமோ மாறியிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

கேளுங்கள், சொல்லச் சொல்லுங்கள்

ஃபார்முலா மாறுவது குற்றமில்லை. சட்டம் மாறும், மூலப்பொருள் கிடைக்காமல் போகும், அதைவிட நல்லது கண்டுபிடிக்கப்படும். சொல்லாமல் மாற்றுவதுதான் தவறு. அதே பெயரை நம்பி, அதே ஷேட் எண்ணைச் சொல்லி ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கும் பெண்ணுக்கு, ‘புதிய ஃபார்முலா’ என்று பெட்டியின் முன்பக்கம் இரண்டு வார்த்தை அச்சிட்டுத் தருவது பெரிய செலவே இல்லை. பெட்டியில் வாடிக்கையாளர் சேவை எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும். பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு, ‘இது பழைய ஃபார்முலாவா புதியதா?’ என்று எழுதிக் கேளுங்கள். நிறைய பேர் கேட்கத் தொடங்கினால், பதிலைப் பெட்டியிலேயே அச்சிடும் கட்டாயம் அவர்களுக்கு வரும்.